அறிவியல் உரைநடையில் நகை: கோலார் தங்கவயல் ஆய்வுகளை முன்வைத்து ஒரு நோக்கு

1. முன்னுரை

அறிவியல் நூல்களைத் தமிழாக்குவோர் நகைச்சுவையைத் தம் பணிக்குப் புறம்பானதாகவே பெரும்பாலும் கருதிவந்துள்ளனர். கலைச்சொல்லின் துல்லியம், தொடரின் தெளிவு, சொல்லாட்சியில் ஒருசீர்மை ஆகியன பற்றி நம்மிடையே விரிவான விவாதங்கள் நிகழ்ந்துள்ளன. ஆனால் அறிவியல் பனுவலைப் படிப்பவர் எவ்விடத்தில், எதனால் சிரிக்கிறார் என்னும் வினா அத்துணை அக்கறையுடன் எழுப்பப்படுவதில்லை. சிரிப்பு எழுந்தால் மொழிபெயர்ப்பில் குறை உண்டு. எழாவிடின் மொழிபெயர்ப்பு செம்மையானது என்பது பொதுவாக நிலவும் எண்ணம். இவ்வெண்ணம் பாதியளவே உண்மையானது.

அறிவியல் எழுத்தில் தோன்றும் நகை இருவகைப்படும். எழுதியவர் கருதாமலே தோன்றுவது ஒன்று. இதனைத் தற்செயல் நகை எனலாம். அறிவியலின் நடையையும் உருவத்தையும் வேண்டுமென்றே போலச்செய்து எழுப்பப்படுவது மற்றொன்று; இதனை அங்கத நகை எனலாம். இவ்விரண்டும் ஒரே மொழிப்பண்பிலிருந்து பிறக்கின்றன என்பதும், ஆதலின் வாசகர் சிரிக்கும் இடம் மொழிபெயர்ப்பாளர் ஆராய வேண்டிய இடமாகிறது என்பதும் இக்கட்டுரையின் கருத்துகள். இவற்றை நிறுவக் கோலார் தங்கவயலில் நிகழ்ந்த துகள் இயற்பியல் ஆய்வுகளும் அவற்றோடு தொடர்புடைய சொற்களும் சான்றாகக் கொள்ளப்படுகின்றன.

2. நகையின் நிலைக்களன்கள்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை என்னும் மெய்ப்பாட்டிற்கு நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது. எள்ளலும் இளமையும் ஒருபுறமிருக்க, பேதைமை, மடன் என்னும் இரண்டையும் ஆசிரியர் வேறுவேறாக வைத்திருப்பது நம் ஆய்வுக்கு மிகவும் பயன்படுவது. பொதுவழக்கில் இவ்விரு சொற்களும் அறியாமை என்னும் ஒரே பொருளைத் தருவனபோலத் தோன்றும். பேராசிரியர் தம் உரையில் இவற்றை வேறுபடுத்துகிறார். பேதைமை அறிவின்மை, மடன் என்பது பிறர் கற்பித்ததை ஏற்று, ஏற்றதை விடாது பற்றிக்கொண்டிருத்தல்.

இவ்வேறுபாட்டை மொழிபெயர்ப்புக்குப் பொருத்திக் காணலாம். ஒரு செய்தியை அறியாமல் பிழைபடப் பெயர்ப்பது பேதைமை. அகராதி கற்பித்த ஒரு நிகரனை எல்லா இடங்களிலும் விடாது பற்றிக்கொள்வது மடன். முன்னதில் அறிவு இல்லை. பின்னதில் அறிவு உண்டு, நெகிழ்ச்சி இல்லை. கற்றறிந்த மொழிபெயர்ப்பாளர்களிடம் பேதைமை குறைவு, மடனே மிகுதி.

எள்ளலைப் பற்றியும் பேராசிரியர் கூறுவது கருதத்தக்கது. தான் பிறரை எள்ளி நகுவதும், பிறரால் எள்ளப்பட்டபோது தான் நகுவதும் என அது இருவகைப்படும் என்கிறார். நகையை ஆராய்வோர் யார் சிரிக்கிறார், யாரைப் பார்த்துச் சிரிக்கிறார் என்னும் இரண்டையும் கேட்க வேண்டும் என்பது இதனால் பெறப்படும். இவ்வினா கட்டுரையின் இறுதிப்பகுதியில் மீண்டும் எழும்.

3. தங்கவயலில் நிகழ்ந்த ஆய்வு

கருநாடக மாநிலத்தின் தென்கிழக்கில், ஆந்திர, தமிழக எல்லைகளுக்கு அண்மையில் அமைந்தது கோலார் தங்கவயல். 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனம் இங்குச் சுரங்கத்தொழிலில் இறங்கியது. பின்னர்ச் சுரங்கங்கள் அரசுடைமையாகி, இறுதியில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின்கீழ் இயங்கி, 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. வடஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து குடியேறிய தமிழர்கள் தொழிலாளருள் பெரும்பகுதியினராக இருந்தமையால், கன்னட நாட்டில் தமிழ் வழங்கும் நகராக அது இன்றும் விளங்குகிறது.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழமுடையது. விண்ணிலிருந்து வரும் அண்டக்கதிர்த் துகள்களைப் பாறை தடுத்துவிடும் ஆதலால், பாறையின் அடியில் எத்துணைத் துகள்கள் எஞ்சுகின்றன என்பதை அளக்க இவ்வாழம் வாய்ப்பளித்தது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த பி. வி. ஸ்ரீகண்டன் முதலியோர் 1950களின் தொடக்கத்தில் இவ்வளவீடுகளைத் தொடங்கினர். அந்நிறுவனமும் ஜப்பானின் ஓசாகா நகரப் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் இணைந்து நடத்திய ஆய்வு, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களின் தடத்தை 1965-இல் அறிவித்தது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் ஃபிரெடெரிக் ரைன்ஸ் குழுவினர் நடத்திய ஆய்வும் அதே ஆண்டில் அதே முடிவை எட்டியது. 1980-இல் 140 டன் எடையுள்ள இரும்பு அடுக்குக் கருவி ஒன்று, ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், புரோட்டான் என்னும் துகள் சிதைகிறதா என்பதை அறிய நிறுவப்பட்டது.

இவ்வாய்வுகளின் அறிக்கைகள் ஆங்கில ஆய்விதழ்களில் வெளிவந்தன. அவற்றைத் தமிழில் தர முனைவோர் எதிர்கொள்ளும் சொற்களே இனி நோக்கப்படும்.

4. மடன்: ஏற்றதை விடாமை

நியூட்ரினோ ஆய்வுக்கு அமைக்கப்பெற்ற கருவிகளுட் சில அறிக்கைகளில் ‘டெலஸ்கோப்’ என்று குறிக்கப்பெற்றன. இச்சொல்லுக்குத் ‘தொலைநோக்கி’ என்பது பள்ளி மாணவரும் அறிந்த நிகரன். அதனை அவ்வாறே இட்டால், ‘நிலத்தடியில் 2 கிலோமீட்டருக்குக் கீழே, இருட்டில், பாறைச் சுவரை நோக்கித் தொலைநோக்கிகள் நிறுவப்பட்டன’ என்னும் பொருளில் தொடர் அமையும். படிப்பவர் சிரிப்பார்; சிரிப்பதற்கு அவருக்கு உரிமையும் உண்டு. துகள் இயற்பியலில் இச்சொல், துகள் வந்த திசையை அறியும்பொருட்டு வரிசையாக அடுக்கப்பெற்ற துகள்எண்ணிகளின் தொகுதியைக் குறிக்கும். வில்லையும் ஆடியும் அதில் இல்லை. மேலிருந்து வரும் பிற துகள்களைத் தவிர்க்க அவை கிடைமட்டத் திசையில் வருவனவற்றையே சிறப்பாகக் கவனித்தன. ஆதலின் ‘திசையறி எண்ணிக்கோவை’ என்பது போன்ற ஓர் ஆக்கம் பொருந்தும்.

ஆயினும் இங்கு ஒரு தயக்கம் எழுகிறது. வானத்தை அறிய நிலத்தைத் தோண்டிச் செல்வது உண்மையிலேயே வியப்புக்கும் நகைக்கும் உரிய செயல்தான். ஆங்கிலச் சொல்லில் அம்முரண் உறங்கிக் கிடக்கிறது. ‘தொலைநோக்கி’ அதனை எழுப்பிவிடுகிறது. ஆய்வறிக்கையில் ‘எண்ணிக்கோவை’ என்றும், பொதுவாசகர்க்கான கட்டுரையில் விளக்கத்தோடு ‘தொலைநோக்கி’ என்றும் எழுதுவது தவறாகாது. ஒரே சொல்லுக்கு ஒரே நிகரன் என்னும் விதி இங்குப் பயன்தருவதன்று.

புரோட்டான் சிதைவு ஆய்வில் இத்தகைய தயக்கத்திற்கு இடமில்லாத எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. சிதைவாக இருக்கலாம் என ஐயுறத்தக்க பதிவுகளை ஆங்கிலத்தில் ‘கேண்டிடேட்’ என்னும் அடைமொழி கொடுத்துச் சுட்டுவது மரபு. ‘கேண்டிடேட்’ என்பதற்கு வேட்பாளர் என்றும், ‘ஈவென்ட்’ என்பதற்கு நிகழ்ச்சி என்றும் அகராதி கற்பித்திருக்கிறது. மடன் வழிநின்ற மொழிபெயர்ப்பாளர் ‘சில வேட்பாளர் நிகழ்ச்சிகள் சுரங்கத்தில் பதிவாயின’ என்று எழுதுவாராயின், தேர்தல் கூட்டம் ஒன்று நிலத்தடியில் நடந்ததாகவே தமிழ் வாசகர் கொள்வார். ‘ஐயுறு பதிவு’ அல்லது ‘தகுதிகாண் பதிவு’ என்பது கருத்தைத் தரும். இங்குச் சிரிப்பு எதனையும் கற்பிக்கவில்லை; அதனை நீக்குவதே முறை.

‘பேக்ரவுண்ட்’ என்னும் சொல் இன்னும் நுட்பமானது. தேடும் துகளின் தடத்தை மறைக்கும் தேவையற்ற பதிவுகளை அது குறிக்கும். ‘பின்னணி’ என்று பெயர்க்கிறோம். ஆனால் தமிழரின் செவிக்குப் பின்னணி இழிவான சொல்லன்று. திரையில் வாயசைப்பவர் ஒருவர். உண்மைக் குரல் பின்னணிப் பாடகருடையது. புரோட்டான் சிதைவைத் தேடியோருக்கு நியூட்ரினோக்கள் இத்தகைய பின்னணியே. ஜப்பானின் கமியோகா சுரங்கத்தில் இதே நோக்கத்துடன் அமைக்கப்பெற்ற கருவியின் பெயரில் ஈற்றில் நின்ற மூன்று ஆங்கில எழுத்துகள் முதலில் அணுக்கருத்துகள் சிதைவு ஆய்வைக் குறித்தன. சிதைவு காணப்படவில்லை, 1987 பிப்ரவரியில் விண்மீன் வெடிப்பொன்றிலிருந்து வந்த நியூட்ரினோக்களை அக்கருவி பதிவுசெய்தது. அதே மூன்று எழுத்துகள் நியூட்ரினோ கண்டறியும் ஆய்வு என்றும் படிக்கப்பெற்றன. எழுத்து மாறவில்லை; விரிவு மாறிற்று. பின்னணி பாடகராயிற்று. ‘பின்னணி’ என்னும் நிகரன் தரும் தற்செயல் நகை அறிவியல் வரலாற்றுக்குப் பொருந்தி வருவதால், அதனைக் காப்பதில் இழப்பில்லை.

சொல்லளவில் அன்றித் தொடரளவிலும் இது நிகழும். 1960களின் தொடக்கத்தில் சுரங்கத்தின் மிக ஆழ்ந்த பகுதியில் ஏறத்தாழ இரண்டு திங்கள் கருவியை இயக்கியும் துகள் ஒன்றும் பதிவாகவில்லை. ‘இரண்டு திங்கள் காத்திருந்தும் ஒன்றும் நிகழவில்லை’ என்று எழுதினால் அது நம் அலுவலகங்களைப் பற்றிய ஏளனமாகவே ஒலிக்கும். இயற்பியலாருக்கோ அது நற்செய்தி. பிற துகள்களின் ஓசை முற்றும் அடங்கிய இடம் கிடைத்துவிட்டது; இனி நியூட்ரினோவின் மெல்லிய தடத்தைத் தேடலாம் என்பது அதன் பொருள். ‘ஒன்றும் நிகழவில்லை’ என்பதனினும் ‘சுழியம் பதிவாயிற்று’ என்பது சிறந்த பெயர்ப்பாகும். எதிர்மறை வினை தோல்வியைச் சுட்டுகிறது; உடன்பாட்டு வினை சுழியத்தை ஒரு பேறாக ஆக்குகிறது.

5. கோலாரும் கோளாறும்

இனித் தமிழுக்கே உரிய ஒரு தற்செயலைக் காணலாம். பாறைச் சுவருக்கும் கருவிக்கும் இடைப்பட்ட வெளியில், ஏதோ ஒரு துகள் சிதைந்ததுபோல் தடங்கள் பிரிந்து சென்ற சில அரிய பதிவுகளைத் தங்கவயல் குழுவினர் 1975-இல் வெளியிட்டனர். அறியப்பட்ட துகள் எதனாலும் எளிதில் விளக்கவியலாத இவை உலக இலக்கியத்தில் ‘கோலார் நிகழ்வுகள்’ எனப் பெயர்பெற்றன. வேறிடங்களில் நடந்த சோதனைகள் இவற்றை உறுதிப்படுத்தவில்லை.

பேச்சுத்தமிழில் ரகர ஒற்றில் முடியும் பெயர்கள் உகரம் பெறுதல் இயல்பு; ஊரின் பெயர் ‘கோலாரு’ என ஒலிக்கும். ரகர றகர வேறுபாடும் பேச்சில் பெரும்பாலும் மறைந்துவிட்டது. ஆகவே ‘கோலாரு’ என்பதற்கும் ‘கோளாறு’ என்பதற்கும் இடையே பேச்சில் எஞ்சி நிற்கும் வேறுபாடு லகர ளகரம் ஒன்றே. அச்சுக்கோப்பவர் கை சற்றுத் தவறினால் ‘கோலார் நிகழ்வுகள்’ என்பது ‘கோளாறு நிகழ்வுகள்’ ஆகிவிடும்.

இப்பிழை வெறும் எழுத்துப்பிழையாக நின்றுவிடுவதில்லை என்பதே இதன் சுவை. அப்பதிவுகள் புதிய துகளின் அறிகுறியா, கருவியின் கோளாறா, அறியப்பட்ட துகள்களின் தற்செயற் சேர்க்கையா என்பதுதான் அறிஞர்கள் கேட்டுக்கொண்ட வினா. பல கட்டுரைகளில் நடந்த விவாதத்தை ஒரு மெய்யெழுத்து சுருக்கிச் சொல்லிவிடுகிறது. ஆயினும் மூலத்தில் இல்லாத இச்சிலேடையை மொழிபெயர்ப்பாளர் தம் பெயர்ப்பில் புகுத்துவாராயின், முடிவுபெறாத வினாவுக்குத் தாமே விடையளித்தவராவார். தமிழில் சொந்தமாக எழுதுவோர் இதனைப் பயன்படுத்தலாம், பெயர்த்தெழுதுவோர் பயன்படுத்தலாகாது. நகையின் உரிமை யாருடையது என்பதை முடிவுசெய்ய இது நல்லதோர் அளவுகோல்.

6. இளமை: பெயரிடும் விளையாட்டு

நியூட்ரினோ என்னும் கருத்து ஒரு விளையாட்டுக் கடிதத்தில்தான் பிறந்தது. 1930 டிசம்பர் 4 அன்று வொல்ஃப்காங் பவுலி, டூபிங்கன் நகரில் கூடியிருந்த கதிரியக்க ஆய்வாளர்களுக்கு ஒரு மடல் எழுதினார். கூடியிருந்தோரையே கதிரியக்கம் உடையவர்களாக விளித்து மடலைத் தொடங்கி, மின்னேற்றமற்ற புதிய துகள் ஒன்று இருக்கலாம் என்று முன்மொழிந்து, சூரிக் நகரில் நடைபெறும் நடனவிழா ஒன்றின்பொருட்டுத் தாம் நேரில் வரவியலாமையையும் தெரிவித்தார்.

அவ்விளியை எவ்வாறு பெயர்ப்பது? ‘கதிரியக்கத் துறை அறிஞர்களே’ என்றால் செய்தி பிழையின்றி வந்துவிடும், நகை அழிந்துவிடும். ‘கதிரியக்க அன்பர்களே’ என்றால் நம் மேடைவழக்கின் விளிமரபு அடைமொழியோடு மோதி, மூலத்தின் குறும்பு மீளும். துணிவற்ற ஒரு கருத்தைத் தயக்கத்தோடு முன்வைக்கும் ஆசிரியர் அத்தயக்கத்தை விளையாட்டால் மறைக்கிறார். அந்நகையை நீக்கினால் கடிதத்தின் அறிவியல் நிலையே திரிந்து, ஐயத்தோடு சொல்லப்பட்டது உறுதியாகச் சொல்லப்பட்டதுபோல் ஆகிவிடும்.

பவுலி அத்துகளை ‘நியூட்ரான்’ என்றே அழைத்தார். 1932-இல் சாட்விக் கண்டறிந்த கனமான துகளுக்கு அப்பெயர் நிலைத்துவிட்டது. இத்தாலிய மொழியில் அச்சொல்லின் ஈறு பெருமைப்பொருள் தரும் விகுதிபோல ஒலிப்பதால், பெரியது அதுவாயின் சிறியது இது என்னும் குறிப்புடன் சிறுமைப்பொருள் விகுதி சேர்த்து ‘நியூட்ரினோ’ என்று எடோர்டோ அமால்டி விளையாட்டாகச் சொன்னார். என்ரிகோ ஃபெர்மி அதனைப் பரப்பினார். ஒரு விகுதியைப் பற்றிய மொழியியல் நகை உலகெங்கும் கலைச்சொல்லாயிற்று.

தமிழில் ஒலிபெயர்ப்பாக வந்த ‘நியூட்ரான்’, ‘நியூட்ரினோ’ ஆகிய சொற்களில் விகுதி விகுதியாகத் தெரிவதில்லை. இரண்டும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்போல ஒலிக்கின்றன. எது எதனினும் எவ்வாறு வேறானது என்பதற்குச் சொல்லில் சான்றில்லை. நியூட்ரானுக்கு ‘நொதுமி’ என்னும் ஆக்கம் வழங்குகிறது. இதன் அடியான ‘நொதுமல்’ பகையும் உறவும் அற்ற நிலை. அகப்பாடல்களில் தலைவியை மணம்பேசி வரும் அயலார் நொதுமலர் எனப்படுவர். இவ்வடியிலிருந்து ‘நுண்ணொதுமி’ என நியூட்ரினோவுக்குச் சொல்லாக்கினால் இத்தாலிய விகுதியின் விளையாட்டு ஓரளவு மீட்கப்படும். நம் உடலின் ஊடாகக் கோடானுகோடியாய்க் கடந்து சென்றும் ஏறத்தாழ எதனோடும் உறவுகொள்ளாத துகளுக்கு ‘நொதுமல்’ என்பதனினும் பொருத்தமான அடிச்சொல் அரிது. இவ்வாக்கம் அழகுக்காக மட்டும் பரிந்துரைக்கப்படவில்லை என்பது பின்னர்த் தெளிவாகும்.

7. எள்ளல்: போலச்செய்தல்

தற்செயல் நகையில் சொல் தானறியாமல் இரு வழக்குகளில் நிற்கிறது. எள்ளலில் எழுதுபவர் அதனை வேண்டுமென்றே அவ்வாறு நிறுத்துகிறார். 1931-இல் கைடோ பெக், ஹான்ஸ் பெத்தே, வொல்ஃப்காங் ரீஸ்லர் ஆகிய இளம் இயற்பியலார் மூவர் ஜெர்மன் அறிவியல் இதழ் ஒன்றில் ஒரு சிறு குறிப்பை வெளியிட்டனர். இயற்கையின் அடிப்படை எண்ணான 137-ஐத் தூய சிந்தனையாலேயே பெற்றுவிடலாம் என்று ஆர்தர் எடிங்டன் வாதிட்டு வந்த காலம் அது. மூவரும் அவர் நடையிலேயே எழுதி, 137-ஐ இரட்டித்து ஒன்றைக் கழித்தால் 273 கிடைக்கிறது. தனிச்சுழி வெப்பநிலை சுழிக்குக்கீழ் 273 பாகை. எனவே கோட்பாடு மெய்ப்பிக்கப்பட்டது என்னும் முடிவுக்கு வந்தனர். ஆசிரியர் குழு அதனை உண்மை ஆய்வெனக் கருதி அச்சிட்டது. பின்னர் அது அங்கதம் என விளக்கம் வெளியிட நேர்ந்தது.

இந்நகையின் திறவுகோல் அலகில் உள்ளது. 273 என்பது செல்சியஸ் அளவில்தான் வரும். அவ்வளவோ நீரின் உறைநிலையையும் கொதிநிலையையும் கொண்டு மனிதர் வகுத்துக்கொண்டது. இக்குறிப்பை மொழிபெயர்ப்பவர் தம் வாசகரின் வசதிக்காகப் பாரன்ஹீட் அளவுக்கு மாற்றுவாராயின், 459.67 என்னும் எண் வந்து வாதம் முழுதும் சரிந்துவிடும். அலகும் ஒருவகை மொழியே. மொழிபெயர்ப்புக்கு உட்படுத்தியவுடன் உடைந்துபோகும் உண்மை, உண்மையன்று. அது ஒரு மொழியின் சிலேடை. பதிப்பாசிரியர்கள் காணத்தவறியதை ஒரு மொழிபெயர்ப்பாளர் கண்டிருக்கக்கூடும்.

மற்றொரு சான்று நீரைப் பற்றியது. நீரின் வேதியியல் பெயரை மட்டும் கூறி, மூச்சுக்குழாயில் புகுந்தால் உயிர்போகும், இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும், அமிலமழையில் மிகுதியாக உள்ளது என உண்மைகளையே அடுக்கி, இதனைத் தடைசெய்ய வேண்டுமா எனக் கேட்கும் அங்கதம் ஆங்கிலத்தில் புகழ்பெற்றது. 1997-இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலப் பள்ளி மாணவர் ஒருவர் இவ்வாறு கேட்டபோது, 50 பேரில் 43 பேர் தடையை ஆதரித்தனர். 2004-இல் கலிபோர்னியாவின் அலிசோ வியஹோ நகரமன்றம் இதனை மெய்யென நம்பித் தீர்மானம் ஒன்றை நிகழ்ச்சிநிரலில் சேர்த்துப் பின்னர்க் கைவிட்டது.

இதனைத் தமிழாக்குங்கால் நம் கலைச்சொல் மரபுகள் வெவ்வேறு விளைவுகளைத் தருகின்றன. ‘டைஹைட்ரஜன் மோனாக்சைடு’ என ஒலிபெயர்த்தால் முகமூடி அப்படியே நிற்கும். ‘ஐதரசன்’, ‘ஒட்சைட்டு’ என்னும் இலங்கை வழக்கிலும் நிற்கும். தனித்தமிழ் மரபில் ஹைட்ரஜன் ‘நீரகம்’, ஆக்சிஜன் ‘உயிரகம்’. ‘இருநீரக ஓருயிரகம்’ என்றவுடன் நீரும் உயிரும் சொல்லிலேயே வெளிப்பட்டு மறைபொருள் கசிந்துவிடும். அன்றியும் ‘இருநீரகம்’ என்பது சிறுநீரகத்தை நினைவூட்டி, நோக்கம்கொண்ட எள்ளலின்மீது நோக்கமற்ற நகை ஒன்றும் ஏறிக்கொள்கிறது. பொருள் விளங்கும் கலைச்சொல் அங்கதத்திற்கு இடையூறு. அக்காரணத்தாலேயே அது ஏமாற்றத்திற்கும் இடையூறு. தனித்தமிழாக்கத்தின் பயனைப் பற்றிய வாதங்களில் இக்கோணமும் சேர்க்கத்தக்கது.

8. பேதைமை: யாரைப் பார்த்துச் சிரிப்பது?

2011 செப்டம்பரில் சுவிட்சர்லாந்து எல்லையிலுள்ள செர்ன் ஆய்வகத்திலிருந்து 730 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இத்தாலியின் கிரான் சாசோ நிலத்தடி ஆய்வகத்தை நோக்கி அனுப்பிய நியூட்ரினோக்கள் ஒளியினும் 60 நானோநொடி முந்தி வந்தன என்று ஓர் ஆய்வுக்குழு அறிவித்தது. இணைப்புக்கம்பி ஒன்று சரிவரப் பொருந்தாமை முதலிய கருவிக் கோளாறுகளே காரணம் என்பது மறு ஆண்டில் தெளிவாயிற்று. இதற்கிடையில் இத்தாலியக் கல்வி அமைச்சகம் வெளியிட்ட பாராட்டறிக்கை, இவ்விரு இடங்களுக்கும் இடையே சுரங்கப்பாதை அமைக்க இத்தாலி ஏறத்தாழ 45 மில்லியன் யூரோ அளித்ததாகக் கூறியது. அத்தகைய பாதை எதுவும் இல்லை. நியூட்ரினோவுக்குப் பாறையே வழி. உலகம் சிரித்தது. அச்சிரிப்பு நியாயமானது, அறிஞர்களை அருகிலேயே வைத்துக்கொண்டிருந்த ஓர் அமைச்சகம் கேட்டறியத் தவறியது.

இதே சிரிப்பை நாம் வேறோரிடத்திற்குக் கொண்டுவரும்போது எச்சரிக்கை தேவை. தங்கவயல் ஆய்வுகளின் தொடர்ச்சியாக, 50,000 டன் இரும்புக் கருவியோடு தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் ஒரு நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க நடுவண் அமைச்சரவை 2015 ஜனவரியில் ஒப்புதல் அளித்தது. மலையும் நீர்நிலையும் காடும் பாதிக்கப்படும் என எதிர்ப்பு எழுந்தது. 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு இத்திட்டத்திற்கு இசைவில்லை என உச்சநீதிமன்றத்தில் தெரிவித்தது. சூழலியல் வாதங்களின் வலிமையை மதிப்பிடுவது இக்கட்டுரையின் எல்லைக்குள் வருவதன்று. சொல்லைப் பற்றிய ஒன்றே இங்கு நோக்கத்தக்கது. அவ்விவாதத்தில் நியூட்ரினோவும் நியூட்ரானும் ஒன்றெனக் கொள்ளப்பட்ட இடங்கள் உண்டு. நியூட்ரான் கதிர்வீச்சு உயிர்களுக்குத் தீங்கு செய்யவல்லது. அணுகுண்டோடு அச்சொல்லுக்கு உள்ள உறவும் பலர் அறிந்தது. அவ்வச்சம் ஓர் ஒலியொற்றுமையின் வழியாக அடுத்த சொல்லுக்குத் தாவியது.

இக்குழப்பத்தைக் கற்றோர் சிலர் நகைப்புக்குரியதாகக் கருதினர். இது பேதைமையா? இக்கட்டுரையாளர் கருத்தில் அன்று. இத்தாலிய விகுதியின் பொருளைப் பொட்டிப்புரத்து மக்கள் அறிந்திருக்க வேண்டும் என்று எவரும் எதிர்பார்க்க இயலாது. இரு சொற்களையும் வேறுபடுத்தும் அடையாளம் எதனையும் சொல்லுக்குள் வைக்காமல் அவர்களிடம் கொடுத்தவர்கள் நாம். சொல்லின் ஒலி எதைச் சொல்கிறதோ அதைத்தான் அவர்கள் கேட்டார்கள். மொழியின் இயல்புப்படி கேட்டவரிடம் பேதைமை இல்லை. கற்றதை விடாது பற்றி, விளங்காத வடிவத்தையே திரும்பத்திரும்ப ஒலித்தவரிடம் மடன் உண்டு. பேராசிரியர் காட்டிய வேறுபாட்டின் முழுப்பயன் இங்குத்தான் தெரிகிறது. ‘நுண்ணொதுமி’ போன்றதொரு சொல் அச்சம் அனைத்தையும் போக்கியிருக்கும் எனச் சொல்வதற்கில்லை. ஆயினும் குண்டோடு உறவற்ற, எவரோடும் உறவற்ற ஒரு துகள் என்னும் செய்தியைச் சொல்லாவது தாங்கி நின்றிருக்கும்; மக்கள் தம் மலையையும் நீரையும் பற்றிக் கேட்ட வினாக்களும் சொற்குழப்பத்தோடு சேர்த்துத் தள்ளப்படாமல் தனித்து நின்று விடைபெற்றிருக்கும்.

9. முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பெறப்படுவன: தற்செயல் நகையும் அங்கத நகையும் ஒரு சொல் இரு வழக்குகளில் குடியிருப்பதால் தோன்றுகின்றன. வேட்பாளர் நிகழ்ச்சிபோல எதனையும் உணர்த்தாத நகை நீக்கத்தக்கது. பவுலியின் விளிபோல ஆசிரியரின் நிலையை உணர்த்தும் நகை காக்கத்தக்கது. கோளாறு போலத் தமிழில் மட்டும் பிறக்கும் நகை, பெயர்ப்பில் அன்றிப் படைப்பில் ஆளத்தக்கது. அங்கதம் அங்கதமென்றே அறியப்படுமாறு பெயர்க்கப்படுதல் வேண்டும். இல்லையேல் அது நாளடைவில் செய்தியாகிவிடும். சொல்லுக்குச் சொல் வைக்கும் இயந்திர மொழிபெயர்ப்பு பரவிவரும் இக்காலத்தில் இவ்வபாயம் பெரிது. மடனை முழுமையாகக் கொண்ட மொழிபெயர்ப்பாளர் இயந்திரமே.

செயல்முறையில் ஒன்றைப் பரிந்துரைக்கலாம். கலைச்சொல் தொகுதிகளை உருவாக்குவோர், ஒரு சொல்லை இறுதிசெய்யுமுன் அதனைத் துறைசாராத வாசகர் சிலரிடம் தொடரில் வைத்துப் படித்துக்காட்டி, எவ்விடத்தில் அவர்கள் சிரித்தனர் என்பதைக் குறித்துக்கொள்ளலாம். அகராதிப் பதிவில் பொருளுக்கும் இலக்கணக் குறிப்புக்கும் அடுத்து ‘நகைக்குறிப்பு’ என ஒரு வரி இடம்பெறலாம். செலவில்லாத இச்சோதனை, பலமுறை கூடி ஆய்ந்தும் நம் கண்ணுக்குப் படாத குறைகளைக் காட்டித்தரும்.

நிலத்தடியில் 2 கிலோமீட்டருக்குக் கீழே இயற்பியலார் கருவிகளை அமைத்த அதே சுரங்கத்தில் தமிழ் பேசும் தொழிலாளர் தங்கம் எடுத்துக்கொண்டிருந்தனர். அங்கு என்ன தேடப்படுகிறது என்பதை அவர்தம் மொழியில் சொல்ல ஒரு நல்ல தொடர் இன்றும் நமக்குத் தேவைப்படுகிறது. அத்தொடரைக் கேட்டு அவர்கள் சிரிப்பார்களாயின், ஏன் சிரிக்கிறார்கள் என்று கேட்பதே மொழிபெயர்ப்பாளரின் முதற்கடமை.